மூன்று மணிக் குலைப்பன்

2005ஆம் ஆண்டு ஆடி மாதம் நானும் மனைவி பத்மாசனியும் டென்மார்க்கிலிருந்து ஊருக்குப் போயிருந்தோம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒரு தரமும் புளியங்குளத்துச் சாவடியில் இன்னொரு தரமும் பெட்டிகளை இறக்கி, திறந்து காட்டி, மூடி ஏற்றியதில் நாக்கு வறண்டுவிட்டது. கனகராயன்குளத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையின் முன்னால் வாடகை வானை நிறுத்தச் சொன்னோம். கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். யார், எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம் என்று விசாரித்தார். கிளிநொச்சியில் மனைவியின் தமக்கை வீட்டுக்குப் போகிறோம், பெயர் கமலாசனி, மலேரியாத் தடுப்புப் பகுதியில் வேலை என்று நான் சொல்லி முடிக்கவில்லை, மனிதர் தேத்தண்ணி ஆற்றுவதையே நிறுத்திவிட்டார்.

"ஆர், எங்கடை விரல்குத்தி அக்காவோ? அவான்ரை கதை தெரியுமோ உங்களுக்கு? போன வருஷம் டென்மார்க்கிலை அவாவை வெட்டுறதுக்கு மேசையிலை ஏத்திப்போட்டாங்களாம். அவா பாய்ஞ்சு எழும்பி, டொக்டரைத் தள்ளிப்போட்டு, மைக்கிறஸ்கோப்பைப் பிடிச்சுத் தன்ரை வருத்தத்தைத் தானே கண்டுபிடிச்சவாவாம். மொழிபெயர்க்கிறன் எண்டு பக்கத்திலை நிண்ட ஆரோ ஒரு விசரன்தான் எல்லாத்தையும் குழப்பினவனாம்."

பத்மாசனி தேத்தண்ணியை ஊதுவதுபோல முகத்தைக் குவளைக்குள் ஒளித்துக்கொண்டாள். நான் ஒரு வாழைப்பழத்தை உரித்தபடி, "அப்பிடியோ?" என்றேன்.

அந்த விசரன் நான்தான். பெயர் சின்னராசா. கதை கடைக்குக் கடை கை கால் முளைத்து வளர்வதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுவது நல்லது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மேசையும் இல்லை, பாய்ச்சலும் இல்லை, யாரும் யாரையும் தள்ளவும் இல்லை. விசரன் மட்டும் உண்மை.

கமலாசனி எனக்கு மச்சாள் முறை. மனைவியைவிட எட்டு வயது மூத்தவர். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, தகப்பனார் வடமராட்சியில் இருந்த அரைப் பரப்புத் தோட்டத்தை விட்டுவிட்டு, இரணைமடுக் குளத்துக்குக் கீழே குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வயலுக்குக் குடும்பத்தோடு வந்தார். பத்மாசனி அங்கேதான் பிறந்தாள். காடு வெட்ட வந்தவர்களில் பாதிப் பேரைக் குலைப்பன் காய்ச்சல் படுக்கையில் போட்டது. குலைப்பன் என்றால் மலேரியாதான். குளிரத் தொடங்கினால் ஆளோடு சேர்ந்து கட்டிலும் கிடந்து நடுங்கும். மச்சாளுக்குப் பதினெட்டு வயதுக்குள் பதினொரு தரம் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாங்கிய புள்ளிகளைச் சொல்வதுபோல அந்தக் கணக்கை அவர் சொல்லுவார்.

படித்து முடித்ததும் மலேரியாத் தடுப்புப் பகுதியிலேயே வேலை கிடைத்தது. சைக்கிளில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் ஊசி, பஞ்சு, கண்ணாடித் தகடுகள். காய்ச்சல்காரர் இருக்கிற வீடு வீடாகப் போய் விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து வருவார். அவருடைய சைக்கிள் மணி கேட்டாலே பிள்ளைகள் வேலிக்குள்ளால் பூந்து ஓடுவார்கள். விரல்குத்தி என்ற பட்டத்தை அவர்கள்தான் வைத்தார்கள். எடுத்த இரத்தத்தைத் தகட்டில் பூசி, சாயம் ஊற்றிக் கழுவி, மைக்கிறஸ்கோப்பில் வைத்துக் கிருமியைத் தேடுவதும் அவர்தான். சண்டைக் காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை. ஜன்னலோரத்தில் மேசையைப் போட்டு, மைக்கிறஸ்கோப்பின் அடியில் இருக்கிற சின்னக் கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்பித் திருப்பி வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். மழை இருட்டில் வெளிச்சம் போதாமல் கண்ணீர் வழிய வழியப் பார்த்திருக்கிறார். மைக்கிறஸ்கோப்பில் ஒரு தரத்துக்கு ஒரு சின்ன வட்டம்தான் தெரியும்; தகட்டை நகர்த்தி நகர்த்தி நூறு வட்டம் பார்க்க வேண்டும் என்பது விதி. தொண்ணூற்றொன்பதில் நிறுத்தியதில்லை.

1996இல் கிளிநொச்சி முழுவதும் இடம்பெயர்ந்தபோது சனங்கள் சட்டி பானையைக் கட்டினார்கள். மச்சாள் மைக்கிறஸ்கோப்பை இரண்டு சேலையால் சுற்றி, சைக்கிள் கரியரில் வைத்து, அக்கராயன் வரைக்கும் உருட்டிக்கொண்டே போனார். ஏறி ஓடினால் குலுங்கும் என்று ஏறவில்லை. மரத்துக்குக் கீழே இயங்கிய ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் மச்சாளின் முடிவுத் துண்டு வராமல் காய்ச்சலுக்கு மருந்து எழுதமாட்டார்கள். அவர் கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்கப் போனவர்களின் விரலையும் குத்தி இரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

இப்போது விசரனைப் பற்றி. நான் யாழ்ப்பாணப் பட்டினத்தான். வன்னி என்றால் காடு, யானை, மலேரியா என்று சொல்லிச் சிரிக்கிற கூட்டத்தில் வளர்ந்தவன். வன்னியில் பெண் எடுத்தும் அந்தக் கெப்பர், அந்தத் தலைக்கனம், என்னை விட்டுப் போகவில்லை. டென்மார்க்கில் ஒரு சிறு பட்டினத்து ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். குசினியில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை இயந்திரத்தில் அடுக்கிக் கழுவுகிற வேலை. பதினாறு வருடத்தில் அங்கத்தைய டொக்டர்மாருக்கு நான் சொன்னது இரண்டே சொற்கள். ஒன்று "நல்லது", மற்றது "நன்றி".

போர்நிறுத்தத்தில் வன்னிப் பாதை திறந்து, விசாவும் கிடைத்து, 2004ஆம் ஆண்டு ஆனி மாதம் மச்சாள் எங்களிடம் வந்தார். மூன்று மாதம் நிற்கலாம். அக்காவும் தங்கையும் பதினாறு வருடத்துக்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்தார்கள். முதல் வாரம் முழுவதும் கதைத்தே கழிந்தது. இரவு பத்து மணிக்கும் ஜன்னலில் வெயில் நிற்பதைப் பார்த்து, "உவருக்கு வீடு வாசல் இல்லையோ?" என்று மச்சாள் சூரியனை ஏசினார்.

இரண்டாம் வாரம் காய்ச்சல் தொடங்கியது. நல்ல குளிர், பிறகு நெருப்பு, பிறகு வியர்வை, பிறகு ஒன்றும் இல்லை. ஒருநாள் விட்டு அடுத்த நாள் திரும்ப வந்தது. மூன்றாம் தரம் வந்தபோது மச்சாள், "தம்பி, உது மலேரியா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, ஒரு சொட்டு ரத்தம் பாத்தால் சரி" என்றார். கொண்டுபோனேன், என்னுடைய ஆஸ்பத்திரிக்குத்தான்.

அங்கே டொக்டர்மார் முதல் நாளே மலேரியாவை நினைத்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு சிறு பட்டியில் இரத்தத் துளியை விட்டுப் பார்த்தார்கள். பட்டி இல்லை என்றது. காலையில் எடுத்த இரத்தத்தையும் ஆய்வுகூடத்தில் ஒருமுறை பார்த்தார்கள். அதுவும் இல்லை என்றது. அதோடு மலேரியா என்ற கதவைச் சாத்திவிட்டார்கள். பிறகு ஸ்கான் எடுத்தார்கள். மண்ணீரல் இருக்க வேண்டிய அளவைவிட மூன்று மடங்கு வீங்கியிருந்தது. இரத்தத்திலும் எல்லாம் குறைவு. எங்கள் டொக்டர் மெலிந்து உயர்ந்த மனிதர். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்துதான் வருவார். மச்சாள் அவருக்கு நெட்டையர் என்று பெயர் வைத்திருந்தார். நெட்டையர் என்னைப் புறம்பாகக் கூப்பிட்டு, இது இரத்தத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு புற்றுநோயாக இருக்கலாம், மண்ணீரலை வெட்டி எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சத்திரசிகிச்சை என்றார்.

நான் "நல்லது" என்றேன். பிறகு "நன்றி" என்றேன்.

பத்மாசனிக்குச் சொன்னபோது குசினிக் கதிரையில் இருந்து அழுதாள். தாயும் தகப்பனும் போன பிறகு அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே இரத்த உறவு இந்த அக்காதான். வெட்டுக்குப் பிறகு அக்கா எழும்புவாரா, எழும்பினாலும் புற்றுநோயென்றால் பிறகு என்ன, வன்னிக்குத் திரும்பிப் போவாரா என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை நெட்டையர் சம்மதப் பத்திரத்தோடு வந்தார். மச்சாள் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். அன்று காய்ச்சல் இல்லாத நாள். நான் நெட்டையர் சொன்னதை மாற்றிச் சொன்னேன், மச்சாள் கேட்டார், பிறகு கதைக்கத் தொடங்கினார். நிதானமாக, விரல்விட்டு எண்ணி எண்ணிச் சொன்னார். தனக்கு மலேரியாதான், காய்ச்சல் நாள் விட்டு நாள் மூன்று மணிக்கு வருகிறது, இவர்கள் விடியக் காலையில் இரத்தம் எடுக்கிறார்கள், அந்தப் பட்டி மலேரியாவின் மற்ற வகையைத்தான் ஒழுங்காகப் பிடிக்கும், தன்னுடைய வகையைத் தவறவிடும், தகட்டில் இரத்தத்தைத் தடிப்பாகப் பூசிப் பார்க்க வேண்டும் என்று பத்து வசனம் சொல்லியிருப்பார்.

நான் நெட்டையரிடம் திரும்பி, "அவருக்குச் சின்ன வயதிலிருந்தே காய்ச்சல் வருமாம். கொஞ்சம் பயப்படுகிறார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஊரில் டொக்டரிடம் போய் வயிறு நோகுது என்று சொல்லலாம், எனக்கு அல்சர் என்று சொல்லக் கூடாது. சொன்னால், "அப்ப மருந்தையும் நீரே எழுதும்" என்று பேனையை நீட்டுவார். நோயின் பெயர் டொக்டரின் வாயிலிருந்துதான் வர வேண்டும். அதுவும் நான் தட்டுக் கழுவுகிறவன், அவரோ பெரிய டொக்டர். இல்லை என்று பரிசோதனை செய்து சொன்ன ஒன்றை, வன்னிக் காட்டிலிருந்து வந்த என் மச்சாள் இருக்கு என்கிறா என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

நெட்டையர் தலையை ஆட்டிவிட்டுப் பேனையை எடுத்தார். மச்சாள் பேனையை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டோ? டேனிஷிலை மலேரியாவுக்கு என்ன பேர்?"

"மலேரியாதான், மச்சாள்."

"ஓம், நானும் அப்பிடித்தான் நினைச்சன். நான் இப்ப நாலு தரம் மலேரியா எண்டு சொன்னனான். உங்கடை வாயிலை ஒருதரமும் அந்தச் சொல் வரேல்லை."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. மைக்கிறஸ்கோப்பில் நூறு வட்டம் பார்த்துக் கிருமி பிடிக்கிறவரிடம் நான் ஒளிக்கப் பார்த்திருக்கிறேன்.

"டொக்டருக்கு நாங்கள் வைத்தியம் சொல்லுறதோ, மச்சாள்? மரியாதை இல்லை" என்று முனகினேன்.

"நான் உவருக்கு வைத்தியம் சொல்லேல்லை. என்ரை வேலையைச் சொல்லுறன். நான் என்ன வேலை செய்யிறன் எண்டு உவருக்குச் சொன்னனீங்களோ?"

சொல்லவில்லை. வந்த அன்றைக்கு, தொழில் என்ன என்று தாதி கேட்டபோது, சுருக்கமாக இருக்கட்டும் என்று, வீட்டில் இருக்கிறார் என்று பதியச் சொல்லியிருந்தேன். கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்ற பத்மாசனி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

"இஞ்சருங்கோ, நீங்கள் சொல்லுறியளோ, இல்லாட்டில் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை டேனிஷிலை நான் சொல்லட்டோ?" என்றாள்.

நெட்டையர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ வீட்டுச் சண்டை என்று நினைத்திருப்பார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். இந்த அம்மா இருபத்துநான்கு வருடமாக மலேரியாத் தகடு பார்க்கிறவர். வருடத்துக்கு ஆறாயிரம் தகடாவது வரும், மொத்தம் ஒன்றரை இலட்சத்துக்குக் கிட்ட. தனக்கு வந்திருப்பது மலேரியா என்கிறார். பிறகு அந்தப் பத்து வசனத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மலேரியா என்ற சொல்லை வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் போட்டேன்.

நின்றுகொண்டிருந்த நெட்டையர் கதிரையை இழுத்து இருந்தார். "இதை ஏன் முதலில் சொல்லவில்லை?" என்று என்னைத்தான் கேட்டார். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது.

"இப்ப என்னவாம்?" என்றார் மச்சாள்.

"ஏன் முதலே சொல்லேல்லை எண்டு கேக்கிறார்."

"நல்ல கேள்வி. நாளைக்குச் சனிக்கிழமை. பின்னேரம் மூண்டு மணிக்கு எனக்குக் குளிரும். குளிரேக்கை வந்து விரலிலை ரத்தம் எடுக்கச் சொல்லுங்கோ. அதிலை கிருமி இல்லையெண்டால், திங்கட்கிழமை நானே நடந்துபோய் மேசையிலை ஏறுறன். இருக்கெண்டால் என்ரை வயித்திலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

இதையும் அப்படியே சொன்னேன். நெட்டையர் கோப்பில் குறித்துக்கொண்டார். சனிக்கிழமை தனக்கு விடுமுறை, ஆனால் ஆய்வுகூடத்துக்கு எழுதிவைக்கிறேன் என்றார். கையெழுத்து இல்லாத பத்திரத்தை மடித்துக்கொண்டு எழுந்துபோனார்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கே நாங்கள் கட்டிலடியில் நின்றோம். ஆய்வுகூடத்திலிருந்து ஒரு அம்மா தட்டோடு வந்தார். ஐம்பது வயது கடந்தவர், நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தார். மூன்று மணியாயிற்று. ஒன்றும் இல்லை. மூன்று ஐந்து, மூன்று பத்து. அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்மாசனி என் கையைப் பிடித்து நசித்தாள். இருபத்தாறு வருடமாகக் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காத நான், முருகா, மச்சாளுக்குக் குளிரட்டும் என்று வேண்டினேன். ஒரு மனிதருக்கு மலேரியா வர வேண்டும் என்று நேர்ந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

மூன்று இருபதுக்கு மச்சாளின் கீழுதடு நடுங்கியது. "வந்திட்டார்" என்றார், விருந்தாளியைச் சொல்வதுபோல. அடுத்த நிமிடம் பற்கள் அடிக்கத் தொடங்கின, கட்டில் கம்பி கிலுகிலுவென்று ஆடியது. அந்த நடுக்கத்திலும் இடக்கையை நீட்டினார். நடுங்கும் கையை வலக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மோதிர விரலைக் காட்டினார். "முதல் சொட்டைத் துடைச்சுப்போட்டு... அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கோ. ஒரு தகட்டிலை மெல்லிசு, ஒண்டிலை தடிப்பு. தடிப்புக்கு... கீழை பேப்பரை வைச்சால் எழுத்து வாசிக்கத் தெரியவேணும். அதுக்குமேலை தடிச்சால் கழண்டுபோம்."

நான் ஒவ்வொரு துண்டாக மாற்றிச் சொன்னேன். அந்த அம்மா அலட்சியம் செய்யவில்லை. மேசையில் கிடந்த பத்திரிகையை எடுத்து, தகட்டைத் தூக்கி அதன்மேல் பிடித்துப் பார்த்தார். எழுத்துத் தெரிந்தது. மச்சாள் நடுங்கியபடியே தலையை ஆட்டினார்.

குளிர் ஒரு மணித்தியாலம் நின்றது. பிறகு உடம்பு கொதித்தது. ஆறரை மணிக்கு வியர்க்கத் தொடங்கிய நேரம் ஆய்வுகூட அம்மா திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு தகட்டையும் பார்த்ததாகவும், தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும், தன் வேலைக் காலத்தில் மலேரியாவை ஐந்தாறு தரம்தான் கண்டிருப்பதாகவும் சொன்னார். நான் எதையும் குறைக்காமல் மாற்றினேன்.

பத்மாசனி விம்மினாள். மச்சாள் தலையணையிலிருந்து எழும்பி, துவாயால் கழுத்தைத் துடைத்தார்.

"எத்தினை வட்டம் பாத்தவாவாம்?"

கேட்டேன். எண்ணவில்லை என்றார்.

"என்னைக் கொண்டுபோகச் சொல்லுங்கோ."

தாதி முதலில் மறுத்தாள், பிறகு சில்லுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஏழரை மணி வெயில் நடைபாதை முழுவதும் விழுந்திருந்தது. ஆய்வுகூடத்தில் மச்சாள் மைக்கிறஸ்கோப்பின் முன்னால் இருந்ததும், பழக்கத்தில் கை கீழே போய்க் கண்ணாடியைத் தேடியது. அங்கே கண்ணாடி இல்லை, விளக்குத்தான் இருந்தது. அந்த அம்மா எட்டி ஆளியை அழுத்தி விளக்கை எரியவிட்டார். மச்சாள் வெளிச்சத்தைப் பார்த்து, "அம்மாடி" என்றார். தடிப்புப் பூசிய தகட்டை வைத்து, எண்ணெய் ஒரு துளி விட்டு, கண்ணை வைத்தார்.

மச்சாளின் இடக்கை குமிழைத் திருப்பியது, உதடு எண்ணியது. வியர்வை நெற்றியிலிருந்து மூக்குநுனிக்கு வந்து சொட்டியது. அந்த அம்மா கடதாசித் துண்டால் அதைத் துடைத்துவிட்டார். பத்து, இருபது, முப்பது. நான் குசினியில் ஒருநாளும் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. நாற்பத்திரண்டில் மச்சாளின் கை நின்றது.

தலையை விலக்கி, அந்த அம்மாவைப் பார்க்கும்படி கை காட்டினார். அவர் குனிந்தார். கனநேரம் பார்த்தார். மச்சாள் தகட்டை மாற்றி மெல்லிசுப் பூச்சை வைத்துத் தேடி மறுபடி காட்டினார். வீங்கிப் பெருத்த ஒரு இரத்தக் கலம், அதற்குள்ளே கல் வைத்த மோதிரம்போல ஒரு நீல வளையம். எனக்கும் காட்டினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு ஊதாப் புள்ளிதான் தெரிந்தது, ஆனாலும் ஓம் என்றேன்.

ஆய்வுகூட அம்மா நிமிர்ந்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. மச்சாளின் தோளில் கை வைத்தார். அங்கே என் மொழிபெயர்ப்பை யாரும் கேட்கவில்லை. பிறகு தொலைபேசியை எடுத்து நெட்டையரின் வீட்டுக்கு அடித்தார். அவர் பேசியதில் எனக்கு வேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான், அது மூன்று தரம் வந்தது. அன்றைக்கே மலேரியாவுக்கான முதல் குளிசையை விழுங்கக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டையர் விடுமுறையை விட்டுவிட்டு வந்தார். தகட்டைத் தானும் பார்த்துவிட்டு வந்து, சத்திரசிகிச்சையை நிறுத்திவிட்டதாகவும், மருந்தோடு மண்ணீரல் வற்றுகிறதா என்று பார்ப்போம் என்றும் சொன்னார். பத்மாசனி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நெட்டையர் கோப்பைத் திறந்து ஒரு கேள்வி கேட்டார். இந்த வகைக் கிருமி ஈரலில் ஒளித்திருந்து திரும்ப வரும், அதைக் கொல்லப் பதினான்கு நாள் குளிசை இருக்கிறதே, கடைசியாகக் காய்ச்சல் வந்தபோது அதை முழுவதும் போட்டீர்களா என்றார்.

மச்சாள் ஜன்னலைப் பார்த்தார். அவர் மறுமொழிக்கு யோசித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

"ஐஞ்சு நாள் போட்டனான்."

"ஏனாம் எண்டு கேக்கிறார்."

"விசா அலுவலாய்க் கொழும்புக்கு வெளிக்கிட்ட அவதியிலை குளிசையை அலுமாரிக்குள்ளை விட்டிட்டுப் போட்டன். வந்து பாப்பம் எண்டு விட்டது. காய்ச்சலும் நிண்டிட்டுது." பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, உதை அவ்வளவு விளக்கமாய்ச் சொல்லத் தேவையில்லை" என்றார்.

இருபத்துநான்கு வருடமாக, ஐந்தாம் நாள் குளிசையை நிறுத்தினவர்களை வீடு தேடிப்போய் ஏசியவர். ஒரு கிழவனின் தலையணைக்குக் கீழே மிச்சக் குளிசையைக் கண்டெடுத்து, முன்னால் நின்று விழுங்க வைத்தவர். நான் விடுவேனா? அலுமாரி, அவதி, ஐந்து நாள் எல்லாவற்றையும் ஒன்றும் சிந்தாமல் சொன்னேன். நெட்டையர் விரலை ஆட்டி மச்சாளை வெருட்டினார். மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஆனாலும் திங்கட்கிழமை மூன்று மணி இன்னும் வரவில்லை. மருந்து வேலை செய்தால் அன்றைக்குக் காய்ச்சல் வரக் கூடாது. வந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. காலை பத்து மணிக்கு, வெட்ட வேண்டிய நேரத்தில், மச்சாள் கட்டிலில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டேமுக்காலுக்கு நான் குசினி ஏப்பிரனோடேயே மேலே ஓடி வந்தேன். பத்மாசனி அக்காவின் கால்மாட்டில் இருந்தாள். ஆய்வுகூட அம்மா வந்தார். மூன்றுக்கு நெட்டையர் கதவு நிலையில் குனிந்து உள்ளே வந்து, கதிரையில் இருந்தார்.

மூன்று இருபது. மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே ஏதோ காலடி கேட்கிறதா என்று கேட்பவர்போல இருந்தார். மூன்றரை. பத்மாசனி அக்காவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், சூடும் இல்லை குளிரும் இல்லை. மூன்றே முக்கால். நான்கு மணியானபோது மச்சாள் கண்ணைத் திறந்து எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"தம்பி, டொக்டருக்குச் சொல்லுங்கோ. இண்டைக்கு அவர் வரேல்லை, இனி வரமாட்டார். வயித்தைக் கீற எடுத்து வைச்ச கத்தியைக் கழுவி உள்ளுக்கு வைக்கட்டாம். நல்ல கத்தியாம், வேறை ஆருக்கும் உதவுமாம்."

நான் ஏப்பிரனை இழுத்துவிட்டு நேராக நின்று, கத்தியை விடாமல், கழுவுவதை விடாமல், அவ்வளவையும் டேனிஷில் சொன்னேன். ஆய்வுகூட அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நெட்டையர் சிரிக்கவில்லை. தன் கைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் மச்சாள்.

"இண்டைக்குப் பத்து மணிக்கு உங்களை வெட்டியிருப்பாராம். தான் தப்பினதுக்கு நன்றியாம்."

மச்சாள் அந்த மனிதரைப் பார்த்தார். முகம் முழுவதும் மலர்ந்தது.

"அவர் தப்பினாரோ? நல்லது. நானும் தப்பிட்டன் எண்டு சொல்லுங்கோ, தம்பி. வடிவாய், சத்தமாய்ச் சொல்லுங்கோ."

சத்தமாகத்தான் தொடங்கினேன். மூன்று சொல்தான், பதினாறு வருடமாக நான் பேசிய மொழிதான். பாதியில் என் குரல் உடைந்துபோய், பத்மாசனிதான் தன் அரைகுறை டேனிஷில் மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.